வாயடைக்கப்பட்ட இருவர்

வணக்கம் ஐயா,
நம் திருச்சபை ஒருகாலத்தில் ஜனநாயகத்தைச் சந்தேகித்தது, பிறகு ஏற்றது. பாப்பரசர் சொன்னார், மாறியது. முஸ்லிம்களுக்கு அப்படியொரு தலைமை இல்லையே. அவர்களின் மார்க்கச் சிந்தனை எப்படி மாறும்? 2019க்குப் பிறகு இந்தக் கேள்வி என்னை விடுவதாயில்லை.
– வாசகர், கொட்டாஞ்சேனை

அன்பின் சகோதரருக்கு,

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு நடந்துபோகும் தூரத்திலிருந்து கேட்கிறீர்கள். அங்கே உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த அந்த 2019 ஏப்ரல் 21இன் வலி எனக்கும் ஆறவில்லை. ஆனாலும் பாப்பரசர் சொன்னதால்தான் மாறினோம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

1864இல் மதச் சுதந்திரத்தைப் பிழைகளின் பட்டியலில் சேர்த்ததும் அதே பாப்பரசர் ஆசனம்தான். அமெரிக்க இயேசு சபைக் குரு ஜோன் கோட்னி மரே அந்தச் சுதந்திரத்துக்காக வாதாடினார்; 1950களில் எழுதாதே என்று நிறுத்திவிட்டார்கள். 1963இல் அவரையே, உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு ஆலோசகராக அழைத்தார்கள். 1965 டிசம்பரில் அந்தச் சங்கம் வெளியிட்ட மதச் சுதந்திரப் பிரகடனத்தில் அவருடைய உழைப்பு இருக்கிறது. உண்மையைத் தேட மறுப்பவனுக்கும் இந்த உரிமை உண்டு என்கிறது அது. மனிதனாய்ப் பிறந்த மாண்பே போதும், அவன் நம்புவது சரியா பிழையா என்று பார்க்கத் தேவையில்லை. இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

இனி எகிப்துக்கு வாருங்கள். கிலாபத், அதாவது கலீபாவின் ஆட்சி, மார்க்கக் கடமையல்ல என்று 1925இல் எழுதிய, கெய்ரோவின் அல்-அஸ்ஹர் மார்க்கக் கல்விக்கூடத்து அறிஞர் அலி அப்துர் ராஸிக்கை உலமாக்கள் எனும் மார்க்க அறிஞர்களின் வரிசையிலிருந்தே நீக்கினார்கள். இருவர் வாயையும் அடைத்தது சொந்த ஆட்கள்தான். ஒரு தலைமை இருந்ததால் நம் பக்கம் ஒரு சங்கத்தோடு கதவு திறந்தது. அங்கே வாதம் இன்னும் நடக்கிறது. கலந்தாலோசிக்கச் சொல்லும் ஷூறா, மக்கள் நலனைப் பார்க்கச் சொல்லும் மஸ்லஹா எல்லாம் அவர்களின் பழைய சொற்கள். நாம் பொது நன்மை என்பதற்கு மஸ்லஹா எவ்வளவு கிட்ட நிற்கிறது, பாருங்கள். 2016இல் மொரோக்கோவின் மராகேஷில் கூடிய முஸ்லிம் அறிஞர்கள், நபிகள் மதீனாவில் யூதர்களையும் சேர்த்துச் செய்த உடன்படிக்கையான மதீனா சாசனத்தை வைத்தே சிறுபான்மையினரின் உரிமையைப் பேசினார்கள். உங்களுக்கோ பெற்றோருக்கோ பாதகமானாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்கிறது குர்ஆன் (4:135).

கொரோனாவில் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்ற சட்டம் அப்போது இருந்தது. 2020 டிசம்பரில், பிறந்து 20 நாளான முஸ்லிம் குழந்தையின் உடலை அப்படி எரித்த பிறகு, கொழும்பின் பொரளை கனத்தை மயானத்தின் வாயில் கம்பிகளில் வெள்ளைத் துணி கட்டினார்கள். நானும் என் லேஞ்சியைக் கொண்டுபோனேன். முடிச்சு நழுவியது. பக்கத்தில் நின்ற முஸ்லிம் தாய் ஒருவர் வாங்கி இறுக்கிக் கட்டிவிட்டு, "நீங்களும் அடக்கம் செய்றவங்கதானே, மகன்" என்றார்.

உண்மைதான். அந்தச் சட்டம் கொரோனாவில் இறந்த கத்தோலிக்கரையும் எரித்தது. நம்மில் எத்தனை பேர் அந்த வாயிலுக்குப் போனோம்?