வாசகர் கேள்வி: 25 வருஷ டேட்டாவை 10 வருஷ டேட்டா ஜெயித்தது எப்படி?

கேள்வி: பல்சர்களைக் கவனித்து ஈர்ப்பு அலைக்கு ஆதாரம் கண்டதாக 2023 ஜூனில் அறிவித்தார்கள். அதில் ஐரோப்பிய-இந்தியக் குழுவிடம் ஏறக்குறைய 25 வருட டேட்டா இருந்தும், கடைசி 10 வருடத்தை மட்டும் எடுத்தபோதுதான் அறிகுறி பலமாக வந்ததாகப் படித்தேன். டேட்டா கூடினால் தெளிவும் கூட வேண்டாமா? — கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: நீங்கள் படித்தது சரிதான். பல்சர் என்பது கடிகாரம்போல் சீராகச் சுழன்று ரேடியோ துடிப்பு அனுப்பும் இறந்த நட்சத்திரம். ஈர்ப்பு அலை, அதாவது வெளியிலேயே ஓடும் அதிர்வு, குறுக்கே போனால் அந்தத் துடிப்பு கொஞ்சம் முந்தியோ பிந்தியோ வந்து சேரும், அதைத்தான் தேடுகிறார்கள். 25 பல்சர்கள், 24.7 வருடம் என்று எல்லாவற்றையும் போட்டபோது தெரிவது வெறும் இரைச்சல் என்பதைவிட ஈர்ப்பு அலை என்பதற்கான எடை சுமார் 4 மடங்குதான், கடைசி 10.3 வருடத்தை மட்டும் வைத்தபோது அது 60 மடங்கு. பிடிக்காத டேட்டாவை வெட்டிவிட்டு வேண்டிய விடையை எடுத்துக்கொண்டார்களோ என்று தோன்றும், தோன்றத்தான் வேண்டும். ஆனால் வெட்டிய இடம் நினைத்த இடம் இல்லை, கருவி மாறிய இடம். தொலைநோக்கிகளில் அகலமான அலைவரிசையைப் பதியும் புதுக் கருவிகள் வந்த பிறகு எடுத்த பதிவுகளைத்தான் வைத்துக்கொண்டார்கள்.

அதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? பல்சரிலிருந்து கிளம்பும் ரேடியோ துடிப்பு வழியெல்லாம் எலக்ட்ரான்களுக்கு நடுவே நீந்தித்தான் வருகிறது, அதில் உயர் அதிர்வெண் முதலில் வந்து சேரும், தாழ் அதிர்வெண் பின்தங்கும். இந்தத் தாமதம் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால் 1400 மெகாஹெர்ட்ஸில் இருப்பதைவிட 400 மெகாஹெர்ட்ஸில் 12 மடங்குக்கு மேல். சரி, தாமதம் எப்போதும் ஒரே அளவாக இருந்தால் கழித்துவிட்டுப் போகலாம். பூமியும் நகர்கிறது, பல்சரும் நகர்கிறது, நடுவில் இருக்கும் வாயுவும் மாறுகிறது, போதாததற்கு சூரியக் காற்று வேறு. அதனால் தாமதம் வருடக்கணக்கில் மெதுவாக ஏறி இறங்குகிறது. நாம் தேடும் ஈர்ப்பு அலையும் வருடக்கணக்கில் மெதுவாக ஏறி இறங்குவதுதான், அதுவும் ஒரு மைக்ரோ விநாடிக்கும் குறைவான அளவில்! ஒரே அதிர்வெண்ணில் மட்டும் கேட்டால் இரண்டையும் பிரிக்க வழியே இல்லை. இரண்டு அதிர்வெண்ணில் கேட்டால் எலக்ட்ரான் மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் ஈர்ப்பு அலை எல்லா அதிர்வெண்ணையும் ஒரே மாதிரிதான் தள்ளும்.

பழைய பதிவுகள் பெரும்பாலும் குறுகிய அலைவரிசையில் எடுத்தவை, அவற்றில் இந்தப் பிரிப்பு சரியாக நடக்காது. பலவீனத்துக்கு வேறு காரணங்களையும் குழு ஆராய்ந்தது என்றாலும் எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. புனே அருகே கோடாட் கிராமத்தில் இருக்கும், தலா 45 மீட்டர் குறுக்களவில் 30 டிஷ்கள் கொண்ட ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி இங்கேதான் கை கொடுத்தது: 300-500 மெகாஹெர்ட்ஸையும் 1260-1460 மெகாஹெர்ட்ஸையும் ஒரே நேரத்தில் கேட்கும். அந்த இந்தியக் குழுவில் சென்னை கணித அறிவியல் நிறுவனத்து ஆட்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: இரைச்சலைக் கழித்த பிறகும் மிச்சம் இருப்பது ஈர்ப்பு அலைதான் என்று எப்படிச் சொல்கிறார்கள்? — வாசகர், கோவை

பதில்: ஒரு பல்சரை வைத்துச் சொல்லவே முடியாது. அதன் சுழற்சியே கொஞ்சம் தள்ளாடும், அதற்கு 'சிவப்பு இரைச்சல்' என்று பெயர். ஜோடி ஜோடியாகத்தான் பார்க்க வேண்டும். நம் கடிகாரம் பிசகினால் எல்லாப் பல்சரும் ஒன்றுபோலத் தப்பாகும். வியாழனின் சுற்றுப்பாதையைத் தப்பாகக் கணக்கிட்டிருந்தால், நாம் நேரம் அளக்க ஆதாரமாக வைத்திருக்கும் சூரியக் குடும்பத்தின் நடுப்புள்ளியே தள்ளிப்போகும், வானத்தின் ஒரு பக்கத்துப் பல்சர்கள் முந்தும், எதிர்ப்பக்கத்தவை பிந்தும். (வேடிக்கை இல்லை, இந்த வியாழன் பிரச்சினை வட அமெரிக்கக் குழுவை உண்மையாகவே படுத்தியிருக்கிறது.) ஈர்ப்பு அலையின் கையெழுத்து வேறு மாதிரி: பக்கத்துப் பக்கத்துப் பல்சர்கள் ஒத்துப்போகும், ஏறக்குறைய 80 டிகிரி தள்ளியிருப்பவை கொஞ்சம் முரண்படும், நேர் எதிரே இருப்பவை மறுபடி ஓரளவு ஒத்துப்போகும். ஹெல்லிங்ஸ், டவுன்ஸ் இருவரும் 1983-லேயே போட்டுக் கொடுத்த வளைவு இது. வட அமெரிக்கக் குழு 67 பல்சர்களை வைத்து 2,211 ஜோடிகளில் இதைத் தேடியது. ஆனாலும் அவர்கள் சொன்னது 'ஆதாரம்' என்றுதான், 'கண்டுபிடிப்பு' என்று இல்லை. அதற்குரிய 5 சிக்மா, அதாவது தற்செயலாக இருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு என்று காட்டும் அளவு, இன்னும் வரவில்லை.

கேள்வி: மிகத் துல்லியமான நாலைந்து பல்சர்களை மட்டும் கவனித்தால் போதாதா? — ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

பதில்: போதாது சார். அலை இரைச்சலுக்கு மேலே தலைகாட்டிய பிறகு கடிகாரத் துல்லியத்தைக் கூட்டிப் பெரிய லாபம் இல்லை. ஒவ்வொரு பல்சரின் இடத்திலும் தனியாக அடிக்கும் ஈர்ப்பு அலையே நமக்கு இரைச்சலாகிவிடும், அதைச் சராசரியில் கரைக்கப் பல்சர் எண்ணிக்கைதான் கூட வேண்டும். தென்னாப்பிரிக்காவின் மீர்காட் ரேடியோ தொலைநோக்கி 83 பல்சர்களோடு களத்தில் இருப்பது அதனால்தான். அப்புறம், நல்ல பையன் என்று ஒருவனையே நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. ஜே1713+0747 என்ற பல்சர், எல்லாக் குழுக்களுக்கும் செல்லப்பிள்ளை, 2021 ஏப்ரலில் திடீரென்று தன் துடிப்பின் வடிவத்தையே மாற்றிக்கொண்டது.