பின்சில்லு ஒட்டின அடுத்த நாளே திரும்பக் காத்துப் போகுது

உங்கட சைக்கிள் பின்சில்லு ரியூப்பில விழுந்த மூண்டு ஓட்டையும் உள்பக்கம், றிம்மில படுற இடத்தில எண்டு எழுதியிருக்கிறீங்கள். அப்ப முள்ளையும் ஆணியையும் விடுங்கோ, குத்துறது சில்லுக் கம்பியின்ர நுனி. எந்த றோட்டால போனாலும் இது நிக்காது.

சில்லு நெளிவெடுக்கக் கம்பியை இறுக்கேக்க நுனி நிப்பிளுக்கு (கம்பியை றிம்மில பிடிக்கிற சின்ன நட்டு) மேலால கொஞ்சம் எட்டிப் பாத்தாலே போதும். நிப்பிளை மூடி மேல கிடக்கிற றிம் நாடா உக்கி அல்லது ஒதுங்கியிருக்கும். கரியரில பாரமெண்டா இன்னும் கெதியாக் குத்தும்.

ரியூப்பைக் கழட்டேக்க வலப்பக்கத்தில பேனையால ஒரு அடையாளம் போடுங்கோ. இல்லாட்டி பிறகு எந்தப் பக்கமெண்டு தெரியாது. காத்தடிச்சுத் தண்ணியில அமத்தி, வால்கட்டையில (காத்தடிக்கிற இடம்) இருந்து ஓட்டை எவ்வளவு தூரமெண்டு அளந்து, றிம்மில அதே இடத்தைப் பாருங்கோ. வெறும் விரலால தடவாதேங்கோ, கிழிக்கும். பஞ்சால தடவினா நூல் மாட்டும். நுனியை அரத்தால ராவிப்போட்டு நாடாவை மாத்துங்கோ. பழைய ரியூப்பில வெட்டின பட்டியும் போதும்.

ஒண்டு: வால்கட்டை அடியில வெடிச்சிருந்தா ஒட்டு நிக்காது, ரியூப்பையே மாத்தவேணும். பக்கத்துப் பக்கத்தில ரெண்டு ஓட்டையெண்டா கம்பியில பிழையில்லை; காத்துக் குறைவா வைச்சு றோட்டுக் கிடங்கில விட்டதுதான்.