முந்திக்கொண்டு பதில் சொல்லும் பெட்டி

கேள்வி (ஏற்காடு, தங்கும் விடுதி): மேல் கட்டடத்துக் கணினிகளுக்கு அங்குள்ள சர்வர் ஐபி (நெட்வொர்க் முகவரி) கொடுக்கிறது. சரிவில் உள்ள குடில்களை ரௌட்டர் வைத்துத் தனி நெட்வொர்க்காகப் பிரித்த பிறகு, அங்கே 169.254 என்று தொடங்கும் முகவரியே வருகிறது.

பதில்: யாரும் ஐபி கொடுக்காததால் கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். டிஹெச்சிபி (கணினிகளுக்குத் தானாக ஐபி தரும் முறை) வழியாகக் கேட்கும் கணினிக்குச் சர்வர் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அது பிராட்காஸ்ட்டாக, அதாவது எல்லோருக்கும் கேட்கும்படி கூவும், அந்தக் கூவல் ரௌட்டரைத் தாண்டாது. குடில் பக்க ரௌட்டரில் டிஹெச்சிபி ரிலேயை (கூவலைச் சர்வருக்குக் கடத்தும் வசதி) இயக்கிச் சர்வரின் முகவரியைக் கொடுங்கள். ரிலே தன் குடில் பக்க முகவரியையும் எழுதி அனுப்பும். அதைப் பார்த்துத்தான் எந்த ஸ்கோப்பிலிருந்து (முகவரித் தொகுப்பிலிருந்து) ஐபி தருவது என்று சர்வர் தீர்மானிக்கிறது. ஆகவே குடில்களுக்கெனத் தனி ஸ்கோப்பும், சர்வரிலிருந்து அங்கே திரும்பிச் செல்ல ரூட்டும் வேண்டும்.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை, கொலுசு வியாபாரம்): காலையில் எல்லாம் சரியாக இருக்கிறது. மதியத்துக்கு மேல் சில கணினிகளில் மட்டும் பில்லிங் சர்வர் தெரிவதில்லை. சர்வரை மாற்றிவிடலாமா?

பதில்: சர்வர் மேல் கை வைக்காதீர்கள். பழுதான கணினியின் ஐபி, கேட்வே (வெளியே செல்லும் வழியான ரௌட்டர்), டிஹெச்சிபி சர்வர் ஆகிய மூன்றையும் எழுதாமல் கேள்வி அனுப்பாதீர்கள் என்று எத்தனை முறைதான் சொல்வது? கமாண்ட் பிராம்ப்ட்டில் ‘ஐபிகான்ஃபிக் ஸ்லாஷ் ஆல்’ என்று அடிக்க அரை நிமிடம் ஆகுமா?

எழுதாவிட்டாலும் ஊகிக்க முடிகிறது. யாரோ வீட்டு வைஃபை ரௌட்டரைக் கொண்டுவந்து, அதன் லேன் போர்ட்டில் அலுவலக கேபிளைச் செருகியிருக்கிறார்கள். அந்தப் பெட்டி கடையிலிருந்து வரும்போதே டிஹெச்சிபி ஆனில்தான் இருக்கும். கணினியோ பெரும்பாலும் முதலில் வந்த ஆஃபரையே எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே லீஸ் (குறிப்பிட்ட காலத்துக்குக் கிடைத்த ஐபி) வைத்திருக்கும் கணினி, பாதிக் காலம் கழிந்ததும் பழைய சர்வரிடமே நேராகப் புதுப்பித்துக்கொள்வதால் தப்பிக்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு புதிதாகக் கேட்பவையே அந்தப் பெட்டி தரும் வேறு நெட்வொர்க் முகவரியில் சிக்கி, பில்லிங் சர்வரைத் தவறவிடுகின்றன.

ஐந்து ரோடு பக்கம் ஒரு மூன்று மாடி அலுவலகத்தில் இதே நோய்க்கு நான் இரண்டு நாள் அலைந்திருக்கிறேன். முதல் நாள் முழுவதும் நானும் சர்வரைத்தான் சந்தேகித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மறுநாள் போலி கேட்வேயின் மேக் முகவரியை (கருவியின் வன்பொருள் எண்ணை) ‘ஆர்ப்’ கட்டளையால் எடுத்து, அது ஸ்விட்சில் எந்த போர்ட்டில் தெரிகிறது என்று பார்த்து, அந்த கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால், சாமி படத்துக்குப் பின்னால், ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு கலையாமல், பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. “செல்போனுக்கு நெட் வேண்டுமென்று வைத்தோம், சார்” என்றார்கள்.

அந்தப் பெட்டி தேவையென்றால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதன் டிஹெச்சிபியை அணைத்து, அதற்கு உங்கள் நெட்வொர்க்கிலேயே, ஸ்கோப்புக்கு வெளியே ஒரு நிலையான முகவரி கொடுங்கள். மேனேஜ்டு ஸ்விட்ச் (அமைப்புகளை மாற்றக்கூடியது) இருந்தால், டிஹெச்சிபி ஸ்னூப்பிங்கை (போலி டிஹெச்சிபி பதில்களைத் தடுக்கும் வசதி) இயக்கி, உண்மையான சர்வர் உள்ள போர்ட்டை மட்டும் நம்பச் சொல்லுங்கள்.

கேள்வி (ஆத்தூர், ஜவ்வரிசி ஆலை): முதல் டிஎன்எஸ்ஸாக (பெயருக்கு உரிய ஐபியைச் சொல்லும் சர்வர்) எங்கள் சர்வரையும் இரண்டாவதாகக் கூகுளின் 8.8.8.8-ஐயும் கொடுத்திருக்கிறேன். சில நேரம் உள் சர்வர்களின் பெயர் கிடைப்பதில்லை.

பதில்: முதல் சர்வர் பேசாதபோது கேட்கத்தான் இரண்டாவது. ஒருமுறை அங்கே தாவிய கணினி உங்கள் ஆலை சர்வரின் பெயரை விசாரித்தால், வெளியூர்க்காரருக்கு என்ன தெரியும்? “அப்படி ஒரு பெயரே இல்லை” என்பதும் பதில்தான். அதைப் பெற்ற கணினி வேறு எவரையும் கேட்காது. 8.8.8.8-ஐக் கணினிகளிலிருந்து நீக்கி, உங்கள் டிஎன்எஸ் சர்வரில் ஃபார்வர்டராக (தனக்குத் தெரியாத பெயரை அது விசாரிக்கும் இடமாக) போடுங்கள்.

கேள்வி (அம்மாப்பேட்டை): நெட் ஸ்லோ. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் முழுக் கேள்வியை எழுதலாம்.

கேள்வி (ஓமலூர், கிளை அலுவலகம்): இங்கேயே டொமைன் கண்ட்ரோலர் (லாகினைச் சரிபார்க்கும் சர்வர்) இருந்தும் கணினிகள் சேலம் சர்வரில் போய் லாகின் ஆகின்றன.

பதில்: ஆக்டிவ் டைரக்டரியின் (பயனர், கணினி விவரங்களை வைத்திருக்கும் விண்டோஸ் அமைப்பு) சைட்ஸ் பகுதியில் ஓமலூர் சப்நெட்டை (அங்குள்ள ஐபி வரம்பை) ஓமலூர் சைட்டோடு இணைத்திருக்க மாட்டீர்கள். எது அருகில் என்பதைக் கணினி தன் ஐபியை வைத்தே அறிகிறது. சப்நெட் பதிவாகாவிட்டால் எந்த கண்ட்ரோலரும் அதற்கு ஒன்றுதான். இணைத்துவிட்டு, லாகின் செய்து, ‘செட் லாகன்சர்வர்’ என்று அடித்துப் பாருங்கள். அப்போதும் சேலமே வந்தால், மறுபடி எழுதும்போது ‘ஐபிகான்ஃபிக் ஸ்லாஷ் ஆல்’ விவரத்தோடு எழுதுங்கள்.