இரண்டு பாட்டில்களும் வஞ்சிர வறுவலும்

கேள்வி: மாட்ரிட்டில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் மே மாதம் சென்னைக்கு வருகிறான். "சித்தப்பா, ஸ்பெயினிலிருந்து என்ன வாங்கி வரட்டும்?" என்று கேட்கிறான். கோடைக்கும் கடல் உணவுக்கும் ஏற்ற, விலை அதிகமில்லாத வெள்ளை ஒயின் எது?
– வாசகர், திருவான்மியூர்

பதில்: வெளிநாட்டிலிருந்து வரும் பயணி வரியின்றிக் கொண்டுவரக்கூடிய மது 2 லிட்டர்தான் என்பதால், 750 மில்லி பாட்டில் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இறக்குமதி ஒயின் மீது நெடுங்காலமாக 150 சதவீத அளவில் சுங்க வரி இருந்துவந்ததால், அங்கே அன்றாடச் சாப்பாட்டு மேசையில் இருக்கும் பாட்டில் இங்கே ஆடம்பரப் பொருளாகிவிடுகிறது. எனவே வருகிறவர் கூடவே கொண்டுவருவதுதான் லாபம்.

முதல் பாட்டில் ஸ்பெயினின் ருவேதா பகுதியில் விளையும் வெர்தெஹோ என்ற வெள்ளைத் திராட்சையின் ஒயினாக இருக்கட்டும். துவேரோ ஆற்றையொட்டி, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 மீட்டருக்கு மேல் உள்ள அந்தச் சமவெளியில், பகல் எவ்வளவு காய்ந்தாலும் இரவு குளிர்ந்துவிடுவதால் திராட்சையின் புளிப்பு கெடாமல் நிற்கிறது. இந்த ஒயினில் லேசான சோம்பு வாசனையும், விழுங்கிய பின் பாதாம் தோலின் மெல்லிய கசப்பும் தெரியும். சோம்பு அரைத்துச் சேர்த்த மசாலாவில் ஊறிய வஞ்சிரத் துண்டுக்கு இதைவிட நெருங்கிய உறவு வேறெங்கும் கிடைக்காது என்பது என் கட்சி. விலையும் இரண்டில் இதுவே குறைவு.

இரண்டாவது, கலீசியாவின் ரியாஸ் பைஷாஸ் பகுதியில் விளையும் அல்பரீன்யோ என்ற வெள்ளைத் திராட்சையின் ஒயின். அட்லாண்டிக் கடலோரத்து மழையிலும் ஈரத்திலும் கொடி அழுகிவிடாதிருக்க, கருங்கல் தூண்கள் நட்டு, நம் ஊர்ப் புடலைப் பந்தலைப் போலத் தலைக்கு மேலே படரவிடுகிறார்கள். கீழே காற்று தாராளமாகப் புகுந்து போகும். எலுமிச்சையும் பீச் பழமும் கலந்த மணம், முடிவில் ஒரு சிட்டிகை உப்பு கரித்தது போன்ற சுவை. மிளகு தூவிய நண்டுக்கும், பூண்டு போட்டு வதக்கிய இறாலுக்கும், கணவாய்க்கும் இதைத் திறக்கலாம். மிளகாய்த்தூளில் மட்டும் கை தாராளம் வேண்டாம். மதுவின் சூடு மிளகாயின் எரிச்சலை மேலும் தூண்டிவிடும். புளி கரைத்த மீன் குழம்புக்கு எந்த ஒயினையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். குழம்பின் புளிப்பு முன்னால் ஒயின் வெறும் தண்ணீராகிவிடும்.

பாட்டிலில் உள்ள ஆண்டைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். வெர்தெஹோ பெரும்பாலும் இளமையில் குடிக்க வேண்டியது. பழைய ஆண்டு என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். அல்பரீன்யோ ஓரிரு ஆண்டு தாங்கும்.

சென்னை மே மாதத்தில் குளிர்விப்பதுதான் பாதி வேலை. ஒரு வாளியில் ஐஸும் தண்ணீரும் சரிபாதி விட்டு, கைப்பிடி கல் உப்பைப் போட்டு, பாட்டிலைக் கழுத்துவரை அமிழ்த்தினால் 20 நிமிடத்தில் தயாராகிவிடும். கோப்பைக்குள் ஐஸ் கட்டி போடுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் கால் கோப்பை ஊற்றினால் போதும், சூடேறுமுன் தீர்ந்துவிடும்.

கேள்வி: மீனுக்குச் சிவப்பு ஒயின் ஆகாது என்பது வெறும் சம்பிரதாயமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: முழுக்கச் சம்பிரதாயம் என்று தள்ளிவிட முடியாது. ஒயினில் கரைந்துள்ள இரும்பு கூடக் கூட, கடல் உணவோடு சேரும்போது வாயில் எழும் கவிச்சியும் கூடுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் எழுதினார்கள். அப்படியானால் குற்றவாளி நிறமல்ல, இரும்பு. ஆனால் அது எவ்வளவு என்று பாட்டிலின் லேபிளில் யாரும் அச்சிடுவதில்லை. சிவப்பின் துவர்ப்பும் உப்பு, காரத்தோடு மோதும். மத்தி, அயிலை போன்ற எண்ணெய்ச் சத்துள்ள மீன்களில் இந்தக் கவிச்சி சட்டென்று தெரியும் என்பதால், அவற்றுக்கு வெள்ளையே பாதுகாப்பானது. வாய்ப்புக் கிடைத்தால் ஸ்பெயினின் பாஸ்க் கடற்கரையில் கிடைக்கும் சக்கோலி என்ற வெள்ளை ஒயினைச் சுவைத்துப் பாருங்கள். மெல்லிய நுரையுடைய அந்த ஒயினை, நம் டீக்கடை மாஸ்டரைப் போலக் கையை உயர்த்தி ஊற்றுவார்கள்.