ஒப்பந்தம் புதுப்பிக்கத் தரகருக்கு ஒரு மாத வாடகையா?

கேள்வி: கீழக்கரையில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளாக வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். வீட்டுக்காரர் குடும்பத்தோடு துபாயில் இருக்கிறார். வீடு பார்த்துக் கொடுத்த தரகரே சாவி, வாடகை வசூல், மராமத்து எல்லாவற்றையும் கவனிக்கிறார். குடிவந்தபோது 40,000 ரூபாய் அட்வான்ஸும், ஒரு மாத வாடகையான 8,000 ரூபாயைத் தரகருக்குக் கமிஷனாகவும் கொடுத்தேன். 11 மாதம் முடியும்போதெல்லாம் ‘புதுப்பிப்புக் கமிஷன்’ என்று புதிய வாடகையில் ஒரு மாதத் தொகை கேட்கிறார். 8,500, 9,000 என இரண்டு முறை கொடுத்துவிட்டேன். இப்போது மூன்றாம் முறையாக 9,000 கேட்கிறார். தராவிட்டால் அட்வான்ஸில் கழித்துக்கொண்டு வேறு ஆளைக் குடிவைப்பேன் என்கிறார். இப்படி வாங்குவதே சட்ட விரோதம் என்று லண்டனில் இருக்கும் என் மைத்துனர் சொல்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் மைத்துனர் சொல்வது அவர் இருக்கும் நாட்டுக்குச் சரி. இங்கிலாந்தில் 2019 ஜூன் 1 முதல் புதிய குடியிருப்பு ஒப்பந்தங்களுக்கும், 2020 ஜூன் 1 முதல் பழைய ஒப்பந்தங்களுக்கும், வாடகைதாரரிடம் முகவர் புதுப்பிப்புக் கட்டணம் வாங்குவது தடை செய்யப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் அத்தகைய தடையும் இல்லை, தரகு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் இல்லை. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்ய வேண்டிய முகவர்கள்கூட விற்பனைத் தரகர்களே. வாடகைத் தரகர்கள் அதற்குள் வரமாட்டார்கள். எனவே உங்கள் கேள்விக்கு விடை 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது.

அந்தச் சட்டப்படி, ஒரு முகவருக்கு ஊதியம் தர வேண்டியவர் அவரை வேலைக்கு அமர்த்தியவர். வேறு உடன்படிக்கை இல்லாவிட்டால், ஒப்படைத்த வேலை முடிந்த பிறகே அந்த ஊதியம் கேட்கத் தக்கதாகிறது. நீங்கள் குடிவந்தபோது உங்களுக்காக வீடு தேடினார், வீட்டைக் காட்டினார், பேசி முடித்தார். அதற்கான கமிஷனைக் குறை சொல்ல இடமில்லை. புதுப்பிப்பின்போது நிலைமை வேறு. இப்போது அவர் சாவி வைத்திருப்பதும் வாடகை வாங்குவதும் வீட்டுக்காரரின் ஆளாக. 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு சொத்து உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குபடுத்தும் சட்டம், இத்தகையவரைச் சொத்து மேலாளர் என்ற பெயரில் குறிப்பிட்டு, வாடகை வாங்கி ரசீது தருவது, புதுப்பித்தல் குறித்து அறிவிப்புத் தருவது போன்றவற்றை அவருடைய கடமைகளாகவே வைத்திருக்கிறது. வீட்டுக்காரருக்காகச் செய்யும் வேலைக்கு வீட்டுக்காரரிடம்தான் அவர் கூலி கேட்க வேண்டும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் ஒரு மாத வாடகை தருகிறேன் என்று நீங்கள் தரகருக்குத் தனியாக எழுதிக் கொடுத்திருந்தால் அந்தக் கடிதம் உங்களுக்கு எதிராகப் பேசும். வாடகை ஒப்பந்தத்திலேயே அப்படி ஒரு வரி இருந்தால் அவ்வளவு கவலை வேண்டாம். அந்த ஒப்பந்தத்தில் தரகர் ஒரு தரப்பினர் அல்லர், தரப்பினர் அல்லாத ஒருவர் அதை வைத்து வழக்குப் போடுவது பொதுவாக இயலாது. நீங்கள் அனுப்பிய ஒப்பந்த நகலில் எனக்கு அப்படி ஒரு வரியும் தென்படவில்லை.

ஆனால் அந்த நகலில் வேறொன்று தென்பட்டது; 9,000 ரூபாயைவிட அதுவே என்னை அதிகம் உறுத்துகிறது. முதல் ஒப்பந்தத்தின் ஜெராக்ஸில், தேதியின் மேலும் வாடகைத் தொகையின் மேலும் வெள்ளை மை தடவி, அது காய்வதற்கு முன்பே பேனாவால் எழுதியதுபோல் எண்கள் பரவிக் கிடக்கின்றன. இரண்டு முறையும் ‘புதுப்பிப்பு’ என்று நடந்த வேலை இவ்வளவுதான். அடியில் ‘உரிமையாளருக்காக’ என்று தரகரே கையெழுத்திட்டிருக்கிறார். முக்கிய விவரங்களை இப்படித் திருத்திய ஆவணத்தை, தமக்குத் தெரியாமல் நடந்தது என்று வீட்டுக்காரர் நாளை ஒரே வார்த்தையில் தள்ளிவிடலாம். அவருக்காகக் கையெழுத்திடத் தரகருக்குப் பொது அதிகாரப் பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். வெளிநாட்டில் எழுதிய பத்திரமானால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று, இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தியிருக்க வேண்டும். கீழக்கரையில் பல வீடுகள் பெண்மக்கள் பெயரில் இருப்பதால், நீங்கள் வீட்டுக்காரர் என்று நினைப்பவர் வீட்டுக்காரியின் கணவராக மட்டும் இருக்கலாம். யார் பெயரில் வீடு என்பதை நகராட்சியின் சொத்து வரி ரசீதில் பார்த்துக்கொண்டு, அவரோ அவருடைய அதிகாரம் பெற்றவரோ கையெழுத்திடும் புதிய ஒப்பந்தத்தையே கேளுங்கள்.

அடுத்து, மிரட்டல். மேற்சொன்ன 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. கீழக்கரை நகராட்சி என்பதால் உங்களுக்கும் பொருந்தும். குறித்த காலம் முடிந்தும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் நீங்கள் குடியிருந்தால், அதே நிபந்தனைகளில் மாதத்துக்கு மாதம் என அதிகபட்சம் ஆறு மாதம் வரை குடியிருப்பு நீடிப்பதாகக் கொள்ளப்படும். அதன் பிறகும் உங்களை வெளியேற்ற வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு தேவை. தரகரின் வாய்ச்சொல் போதாது. ஆனால் அந்த ஆறு மாதத்தைச் சொந்தமாக நினைத்துவிடாதீர்கள்: காலம் கடந்தும் காலி செய்யாதவரிடம் முதல் இரண்டு மாதத்துக்கு இரட்டிப்பு வாடகையும் பிறகு நான்கு மடங்கும் கேட்க உரிமையாளருக்கு அதே சட்டம் இடம் தருகிறது.

அட்வான்ஸ் வீட்டுக்காரரிடம் உள்ள உங்கள் பணம். நீங்கள் காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய பிடித்தம் போகத் திருப்பித் தரப்பட வேண்டும். தரகரின் கமிஷன் அந்த உரிய பிடித்தத்தில் சேராது. வேறு உடன்பாடு இல்லாத நிலையில் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்பதும் சட்டத்தில் இருக்கிறது. நீங்கள் கொடுத்தது ஐந்து மாத வாடகை. தண்ணீர் மோட்டாரின் ஃபியூஸைப் பிடுங்குவது, மின்சாரத்தைத் துண்டிப்பது போன்ற வழிகளில் நெருக்கினால், நல்ல தண்ணீருக்கு லாரியை எதிர்பார்த்திருக்கும் ஊரில் அது எவ்வளவு பெரிய நெருக்கடி என்று எனக்குத் தெரியும். அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதைச் சட்டம் நேரடியாகத் தடுக்கிறது, உடனே வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரியே அப்பொறுப்பில் இருப்பார்.

இப்போது செய்ய வேண்டியது, தரகரோடு வாதாடுவதை விட்டுவிட்டு வீட்டுக்காரருக்கு நேரடியாக எழுதுவது. வாட்ஸ்அப்பில் இவ்வளவு போதும்: “நம் ஒப்பந்தம் இம்மாத இறுதியில் முடிகிறது. இதே வாடகையில் தொடர விரும்புகிறேன். முத்திரைத்தாள், தட்டச்சு, பதிவுச் செலவில் பாதியை ஏற்கிறேன். புதுப்பிப்புக்காகத் தங்கள் பிரதிநிதி என்னிடம் ஒரு மாத வாடகை கேட்கிறார். தங்கள் அறிவுரையின் பேரில்தானா என்று தெரிவிக்கவும்.” பல நேரங்களில் இப்படி ஒரு தொகை கைமாறுவதே வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்காது என்பது என் அனுபவம். ஒப்பந்தம் கையெழுத்தானதும் அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து பதிவு எண் பெறுங்கள். 11 மாதம்தானே, பதிவு எதற்கு என்று தரகர் சொல்வார். அது பத்திரப் பதிவுச் சட்டத்தை வைத்துச் சொல்லும் பழைய கணக்கு. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாததே வெளியேற்றக் கோருவதற்கு ஒரு காரணமாகிவிடும்.

ஏற்கெனவே கொடுத்த 17,500 ரூபாயைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். வற்புறுத்தலால் பெற்ற பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அப்போது நீங்கள் எந்த எதிர்ப்பும் காட்டாமல் அனுப்பியதால் நிரூபிப்பது எளிதல்ல. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் இல்லை. காலவரம்பு இரண்டு ஆண்டு. முதல் புதுப்பிப்புத் தொகை கொடுத்து 22 மாதம் ஆகிவிட்டதால் உங்களுக்கு இரண்டு மாதமே மீதி. என்னைக் கேட்டால், அந்தப் பணத்துக்காக இப்போதே புகாருக்குப் போக வேண்டாம். மூன்றாம் முறை கேட்பதை அவர் நிறுத்தவில்லையென்றால் மட்டும், அந்த இரண்டு மாதத்துக்குள் மூன்றையும் சேர்த்து எழுதலாம்.

ஊரில் முகம் கொடுத்துப் பழக வேண்டுமே என்று ஏதாவது கொடுக்க நினைத்தால், ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்பி, எந்த வேலைக்கு, எந்தத் தேதிக்கு என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். வெள்ளை மை தடவிய அந்தப் பழைய தாள்களைத் தரகர் திருப்பிக் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.