ரோமின் த்ராஸ்தேவெரே என்றால் என்ன? மாலையில் ஏன் எல்லோரும் அங்கே போகிறார்கள்?

இது ரோம் நகரின் ஒரு பழைய பகுதி; டைபர் ஆற்றுக்கு அக்கரை என்பதுதான் பெயரின் பொருள். பழைய ரோமின் மையம் கிழக்குக் கரையில் இருந்தது; படகோட்டிகளும் உழைப்பாளிகளும் இந்த மேற்குக் கரையில் குடியிருந்தார்கள். சந்துகள் இன்றும் குறுகல்தான். அதனால் நடந்துதான் சுற்ற வேண்டும்; பேச்சும் சாப்பாடும் தெருவிலேயே நடக்கும். நம் திண்ணை மாதிரி, பியாத்சா த்ரிலூசா என்ற சதுக்கத்தின் படிகளில் இரவு வெகுநேரம் கூட்டம் உட்கார்ந்திருக்கும்.

இருட்டுவதற்குள் சாந்தா மரியா தேவாலயத்தின் 12ஆம் நூற்றாண்டுத் தங்க மொசைக்கை (சிறுசிறு துண்டுகளைப் பதித்துச் செய்த சித்திரம்) பார்த்துவிடுங்கள், அவசியம். அப்புறம் சாப்பாடு. என் தேர்வு காச்சோ எ பெப்பே: பாஸ்தா, பெக்கொரீனோ சீஸ், மிளகு. பாஸ்தா வெந்த நீரில் இருக்கும் மாவுச்சத்து, சோறு வடித்த கஞ்சியைப் போல, சீஸைக் குழைத்துப் பிடித்துக்கொள்கிறது.

அந்த வழவழப்பைப் பார்த்து கிரீம் ஊற்றியிருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். ரோமானிய முறையில் அதில் கிரீமே கிடையாது.