ஸ்டாக்ஹோமில் டிகாக்‌ஷன் இறங்கவில்லையா?

தம்பி, நீங்கள் கேட்டது இரண்டு. ஸ்டாக்ஹோமுக்கு வந்ததிலிருந்து வீட்டில் டிகாக்‌ஷன் தண்ணீராகவே இறங்குகிறது. அலுவலகத்தில் காலையும் பிற்பகலும் எல்லோரும் 'ஃபீக்கா' என்று எழுந்து காப்பிக்குப் போகிறார்கள். அந்தக் கறுப்புக் காப்பி பிடிக்காததால் நீங்கள் போவதில்லை. அது தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள்.

டிகாக்‌ஷனுக்கு வழி இருக்கிறது. இங்கே கடையில் கிடைக்கும் பொடி பெரும்பாலும் காப்பி இயந்திரத்துக்காக அரைத்தது. நம் ஃபில்டருக்கு அது கொரகொரப்பு. வெந்நீர் நிற்காமல் ஓடிவிடும். நன்றாகக் கறுக்க வறுத்த கொட்டை வாங்கிச் சன்னமாக அரைத்துக்கொள்ளுங்கள். சிக்கரிக்கு ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லிவையுங்கள். பாலில் சிவப்புப் பெட்டியை எடுங்கள், 3 சதவீதக் கொழுப்பு; பச்சையும் நீலமும் வேண்டாம். அடுப்பில் வைத்துப் பொங்கக் காய்ச்சுங்கள். டிசம்பரில் ஏழரை மணிக்கும் வெளியே இருட்டாக இருக்கும்; அந்த நேரத்தில் டபராவில் ஒரு ஆற்று ஆற்றிக் குடித்தால்தான் எனக்குப் பொழுது விடிகிறது. இதை விட்டுக்கொடுக்கச் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஃபீக்காவுக்குப் போங்கள். பிடித்ததோ பிடிக்கவில்லையோ, கையில் ஒரு கோப்பையோடு போய் உட்காருங்கள். தேநீர் குடித்தாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மேலதிகாரியும் நேற்றுச் சேர்ந்தவரும் ஒரே மேசையில் இருப்பார்கள். பேச்சு மழை, கோடை வீடு, காட்டில் காளான் பறித்தது என்று போகும். நடுவே, கூட்டத்தில் வாய் திறக்காதவர் வேலையைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுவார். தினமும் வராதவரைக் கடமை தவறாதவர் என்று நினைக்க மாட்டார்கள், நம்மோடு ஒட்டாதவர் என்றுதான் நினைப்பார்கள். முடிந்ததும் உங்கள் கோப்பையை நீங்களே பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் வையுங்கள். இதைக் கவனிப்பார்கள்.

இந்த ஊருக்கும் காப்பி பிறப்பிலேயே வந்ததில்லை. 1756 தொடங்கி 1820கள் வரை அரசாங்கம் பலமுறை தடை போட்டுப் பார்த்தது. நம் பக்கத்திலும் நூறு வருடத்துக்கு முன்னால் பெரியவர்கள் காப்பியால் குடும்பம் கெடுகிறது என்று புலம்பியவர்கள்தான். இரண்டு இடத்திலும் யார் ஜெயித்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

என் அம்மா மன்னார்குடியில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, அடுப்படியில் நின்றபடியே கடைசிக் காப்பியைக் குடிப்பவள். உட்கார்ந்து குடித்து நான் பார்த்ததில்லை. இங்கே வந்திருந்தபோது எதிர்வீட்டுப் பாட்டி ஒரு மத்தியானம் அவளைக் கூப்பிட்டு, மேசை விரிப்புப் போட்டு உட்கார வைத்தார். இருவருக்கும் பொதுவான சொல் ஒன்றுகூடக் கிடையாது. பேரப்பிள்ளைகளின் படங்களைக் காட்டிக்கொண்டார்கள். தட்டில் இருந்த ரொட்டியைப் பிய்த்த அம்மா, உள்ளே கறுப்பாகத் தெரிந்ததை விரலால் தொட்டு மோந்து பார்த்தாள். ஏலக்காய்! ஸ்வீடன்காரர்கள் ஏலக்காயை ரொட்டியில் தாராளமாகவே போடுவார்கள். பாட்டி பிளாஸ்கைச் சாய்த்து மறுபடி ஊற்றினார், அதையும் குடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும், "அது காப்பியா? கஷாயம்" என்றாள். மறுநாள் மூன்று மணிக்கு நல்ல புடவை மாற்றிக்கொண்டு நின்றாள்.

உங்கள் அலுவலகத்திலும் வெள்ளிக்கிழமை தின்பண்டம் கொண்டுவர முறை வைத்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். உங்கள் முறை வந்தால் கேக்கைத் தேடி அலையாதீர்கள். முறுக்கு போதும், கொஞ்சம் அதிகமாகவே எடுத்துப் போங்கள். நாங்கள் ஸ்டாக்ஹோமை ஒட்டிய சோல்னாவில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அரைத்த பொடி தருகிறேன்; உங்கள் ஃபில்டரையும் எடுத்து வாருங்கள், கோளாறு பொடியிலா ஓட்டையிலா என்று பார்த்துவிடலாம்.